பெண்புலி பறந்த மலை: பூட்டானில் மகளிர் யோகப் பயணம்

இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே, கிழக்கு இமயத்தின் சரிவுகளில் 38,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான பரப்பில் அமைந்துள்ள பூட்டான், வஜ்ரயான பௌத்தத்தை அரசியல் வாழ்விலும் அன்றாட வாழ்விலும் தொடர்ந்து பேணிவரும் சிறிய முடியாட்சி நாடாகும். மகாயான பௌத்தத்திலிருந்து கிளைத்து, மந்திரம், மண்டலம், மூச்சை ஆளும் பயிற்சி, குருவிடம் பெறும் தீட்சை ஆகியவற்றை இப்பிறவியிலேயே விடுதலை எய்துவதற்கான வழிகளாகக் கொண்ட நெறியே வஜ்ரயானம் எனப்படுகிறது. இந்நாட்டுக்கு இந்திய நகரங்களிலிருந்து பெண்கள் மட்டுமே கொண்ட யோகக் குழுக்கள் இன்று பயணம் மேற்கொள்கின்றன. காலையில் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும், பகலில் கோயிலும் கோட்டையும் கடைத்தெருவும், மாலையில் தியானமும் என்று அவற்றின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் வகுக்கப்படுகிறது. யோகத்தையும் பண்பாட்டையும் இவ்வாறு தனித்தனி வேளைகளுக்கு ஒதுக்குவது வசதியானதே எனினும், பூட்டானின் இயல்புக்கு அது முழுவதும் பொருந்துவதில்லை. அந்நாட்டின் புகழ்பெற்ற கோயில்கள் பலவும் யோகிகளின் பயிற்சிக் குகைகளைச் சுற்றி எழுந்தவை. அவற்றின் தொன்மக் கதைகளில் பெண்கள் நடுவிடத்தில் நிற்கின்றனர். ஆயினும் அதே சமயத்தின் நிறுவன வாழ்வில் பெண்களுக்கு உரிய இடம் மிகத் தாமதமாகவே கிடைத்து வருகிறது. இந்த முரணைக் கருத்தில் கொண்டு செல்லும் மகளிர் குழு, வழக்கமான சுற்றுலாப் பயணி காணாத பலவற்றைக் காணக்கூடும்.

1974-இல் வெளிநாட்டுப் பயணிகளை அனுமதிக்கத் தொடங்கிய நாள்முதல், வருவோர் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதையே பூட்டான் கொள்கையாகக் கொண்டுள்ளது. இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் 'நீடித்த வளர்ச்சிக் கட்டணம்' இக்கொள்கையின் கருவியாகும். 2023 செப்டம்பர் முதல் பிற நாட்டவருக்கு அது 100 டாலராகவும், இந்தியருக்கு 1,200 ரூபாயாகவும் உள்ளது. இந்தியர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ காட்டி நுழைவு அனுமதி பெறலாம். பூட்டானின் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்கு நிகரான மதிப்புடையது. நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு எக்காலத்தும் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்துள்ள ஒரு நாடு, தன் மலைப்பாதைகளில் நடப்பவர்களிடம் அதற்கான பங்கைக் கேட்பது முற்றிலும் நியாயமானதே.

பன்னாட்டு விமான நிலையம் அமைந்துள்ள பாரோ பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலும், தலைநகர் திம்பு 2,300 மீட்டருக்கு மேலும் உள்ளன. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் உள்ளதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாதலால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் அதே அளவுக்குக் குறைகிறது. சமவெளியில் நாள்தோறும் நூறு முறை கபாலபாதி செய்து பழகியவர்கூட இங்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதை உணர்வார். ஆகவே முதல் இரண்டு நாள்களில் கபாலபாதி, பஸ்திரிகை போன்ற விரைவான மூச்சுப் பயிற்சிகளை ஒத்திவைத்து, மெதுவான நாடிசுத்தியுடனும் எளிய ஆசனங்களுடனும் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. குழுவை நடத்திச் செல்லும் ஆசிரியர், நிகழ்ச்சி நிரலை நிறைவேற்றும் ஆவலில் இதை மறந்துவிடலாகாது. தலைவலியும் தூக்கமின்மையும் பயணத்தின் முற்பகுதியையே விழுங்கிவிடும்.

உடல் மலைக்குப் பழகும் அந்த முதல் நாள்களுக்கு ஏற்ற இடம், பாரோ ஊரை ஒட்டியுள்ள கிச்சு லாகாங். லாகாங் என்பது பூட்டானின் ஜோங்கா மொழியில் கோயிலைக் குறிக்கும். திபெத்தை 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோங்சென் காம்போ இதைக் கட்டியதாக மரபு கூறுகிறது. அம்மரபின்படி, திபெத்து முதலிய இமய நிலம் முழுவதும் மல்லாந்து கிடக்கும் ஓர் அரக்கியின் உடல். புத்த நெறி பரவவிடாமல் அவள் புரண்டுகொண்டிருந்தாள். அவளை அசையவிடாமல் அழுத்துவதற்காக அவளது மூட்டுகளிலும் கைகால்களிலும் மன்னன் கோயில்களை எழுப்பினான். அவற்றுள் கிச்சு லாகாங் அவளது இடப்பாதத்தின்மேல் அமைந்தது. நிலத்தைப் பெண்ணாகக் கண்டு, அந்தப் பெண்ணை அடக்கியதையே சமயத்தின் வெற்றியாகச் சொல்லும் இக்கதையை மகளிர் குழு ஒன்று எளிதில் கடந்துபோக இயலாது, கடந்துபோகவும் வேண்டியதில்லை. இதே வளாகத்தில் 1968-இல் எழுந்த குரு லாகாங், அரசி ஆஷி கேசாங் சோடென் வாங்சுக் கட்டுவித்தது என்பதையும் (ஆஷி என்பது அரச குலப் பெண்களுக்குரிய மதிப்புச் சொல்) அதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

பழைய கோயிலின் உட்கூடத்தில் புத்தர் திருவுருவின் முன்னுள்ள மரத்தளத்தைச் சற்றுக் குனிந்து நோக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் நின்று விழுந்து வணங்கியோரின் பாதங்கள் தேய்த்ததால் பலகையில் குழிகள் விழுந்துள்ளன. இவ்வணக்கத்தில் கூப்பிய கைகள் உச்சி, தொண்டை, நெஞ்சு ஆகிய மூன்றிடங்களைத் தொட்டு, உடல், வாக்கு, மனம் மூன்றையும் ஒப்படைப்பதைக் குறிக்கின்றன. பின்னர் முழங்கால்களும் உள்ளங்கைகளும் நெற்றியும் தரையில் படிகின்றன. உயர்நிலைப் பயிற்சிக்குள் நுழைய விரும்புவோர் முன்தகுதியாக இதனை ஒரு லட்சம் முறை செய்து முடிக்க வேண்டும் என்பது வஜ்ரயான விதி. சூரிய வணக்கத்தைப் பன்னிரண்டு சுற்றோடு முடித்துக்கொள்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை மலைப்பூட்டலாம். ஆனால் உடலை வளைப்பதும் மனத்தைப் பணிய வைப்பதும் ஒரே செயலாக நிகழும் முறையை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை.

பூட்டான் அரசு ஏற்ற சமய மரபாகிய ட்ருக்பா காக்யு பிரிவு, 11-ஆம் நூற்றாண்டு இந்திய சித்தர் நரோபாவின் 'ஆறு யோகங்களை'த் தன் பயிற்சியின் உயிர்நாடியாகக் கொண்டது. உடலினுள் 72,000 நாடிகள் ஓடுகின்றன என்பதும், அவற்றுள் தலையாயவை மூன்று என்பதும், இடம் வலமாகச் சிதறும் வளியை நடு நாடிக்குள் செலுத்துவதே பயிற்சியின் நோக்கம் என்பதும் அதன் அடிப்படைகள். கியாங்மா, ரோமா, உமா என்று அவர்கள் வழங்கும் அம்மூன்றும் தமிழ்ச் சித்தர் மரபு இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று வழங்குபவையே. திருமூலரைப் படித்த வாசகருக்குப் பூட்டான் மடாலயத்தின் உடலியல் அயலானதாகத் தோன்றாது. இரு மரபுகளும் இந்தியத் தந்திர நெறிகளின் பொது ஊற்றிலிருந்து நீர் பெற்றவை. மூச்சும் அசைவும் மனக்காட்சியும் இணைந்த ட்ருல்கோர் என்னும் யோக அசைவுகளும், அடிவயிற்றில் வெப்பத்தை எழுப்பும் துமோ பயிற்சியும் இம்மரபின் பகுதிகள். ஆனால் தீட்சை பெற்று நீண்ட தனிமைத் தவத்தில் அமர்ந்தோர்க்கே இவை கற்பிக்கப்படுகின்றன; பயணிகளுக்குக் காட்சியாக நிகழ்த்தப்படுவதில்லை. 'பூட்டானிய யோகம்' என்ற பெயரில் விடுதிகளில் ஒரு மணி நேர வகுப்பாகத் தரப்படுவதைக் குழுவினர் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மறைத்து வைக்கப்பட்டதை மதித்து விலகி நிற்பதும் யோகம் பயில்வோர்க்கு உரிய ஒழுக்கமே.

இந்த யோக மரபைப் பேணியவர்களில் பெண்களும் உண்டு என்பது குழுவினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. நரோபாவின் உடன்பிறந்தாள் என்று சிலரும் துணைவி என்று சிலரும் கூறும் காஷ்மீர யோகினி நிகுமாவின் பெயரால் தனியே ஓர் ஆறு யோக மரபு வழங்குகிறது. 'நான்' என்னும் பற்றை அறுத்தெறியும் சோட் என்ற வழிபாட்டு முறையைத் திபெத்தில் வகுத்தளித்தவர் மாச்சிக் லாப்ட்ரோன் என்ற பெண்மணி. 8-ஆம் நூற்றாண்டில், இமயத்தில் வஜ்ரயானத்தைப் பரப்பிய குருவாகப் போற்றப்படும் பத்மசம்பவரின் முதன்மைச் சீடராய் விளங்கி அவருடைய போதனைகளைக் காத்தவர் யேஷே சோக்யால்.

திம்புவில் யோகத்துக்கும் வீதிக்கும் இடையே சுவர் இல்லை. மூன்றாம் மன்னரின் நினைவாக அவருடைய தாயார் 1974-இல் எழுப்பிய நினைவுச் சோர்ட்டென் (சோர்ட்டென் என்பது தூபிக்கு அங்கு வழங்கும் பெயர்) விடியலிலிருந்து இருட்டும்வரை மக்களால் வலம்வரப்படுகிறது. வலம் வருவோரில் முதிய பெண்களே மிகுதி. இடக்கையில் செபமாலையும் வலக்கையில் சுழலும் சிறு வழிபாட்டு உருளையுமாக, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடக்கின்றனர். களைத்தால் அருகே அமர்ந்து பேசிவிட்டு மீண்டும் எழுந்து நடக்கின்றனர். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த டோமா அவர்கள் கைப்பையில் தவறாது இருக்கும். பெயர்பெற்ற பயிற்சி மையங்களுக்குச் செல்வதைவிட இவர்களோடு ஒரு காலைப் பொழுது சேர்ந்து நடப்பது யோகக் குழுவுக்கு அதிகம் கற்றுத்தரும்.

திம்புவில் 2013-இல் திறக்கப்பட்ட அரச நெசவுக் கழகத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். பூட்டான் தன் மரபுக் கலைகளைப் பதின்மூன்றாக வகுத்துள்ளது. அவற்றுள் நெசவு பெண்களுடையது. பெண்கள் உடுத்தும் கிரா என்பது கணுக்கால்வரை உடலைச் சுற்றிக் கட்டித் தோள்களில் கொக்கிகளால் பிணைக்கப்படும் நீள்சதுரத் துணி. அவற்றில் மிக உயர்ந்ததாகிய குஷுதாரா, கிழக்கிலுள்ள லுவென்சே மாவட்டத்தின் கோமா சிற்றூரில் பெயர்பெற்றது. நெசவாளி தரையில் அமர்ந்து, இடுப்பைச் சுற்றிய பட்டையால் தறியின் பாவை இழுத்துப் பிடிக்கிறார்; முதுகைச் சாய்த்தால் பாவு இறுகுகிறது, முன்னே குனிந்தால் தளர்கிறது; ஆக, தறியின் ஒரு பகுதியாகவே அவருடைய உடல் இயங்குகிறது. கூர்முனைக் குச்சியால் பாவு நூல்களை எண்ணித் தூக்கி, வண்ணப் பட்டிழையை அவற்றின்மேல் முறுக்கி முறுக்கிக் கோத்துச் செல்கிறார். முடிந்த துணியைக் காண்போர் அதை ஊசிவேலை என்றே எண்ணுவர். உண்மையில் ஒவ்வோர் இழையும் தறியிலேயே இடப்பட்டது. நுணுக்கமான ஒரு கிராவை நெய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அதன் விலையைக் கடையில் பேரம் பேசிக் குறைக்க முற்படுவது பொருத்தமற்றது.

இந்த அழகிய உடைக்குப் பின்னால் வலிமிகுந்த வரலாறும் உண்டு. 1989-இல் தேசிய உடை பொது இடங்களில் கட்டாயமாக்கப்பட்டதும், குடியுரிமைக் கணக்கெடுப்பு கடுமையாக நடத்தப்பட்டதும் தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்களை விளிம்புக்குத் தள்ளின. 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நேபாளத்தின் அகதி முகாம்களில் வாழ நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பின்னர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். பூட்டானின் 'மொத்த தேசிய மகிழ்ச்சி' என்னும் கோட்பாட்டைப் பாராட்டுவோர் இதையும் சேர்த்தே பேசுவதுதான் நேர்மை.

உணவைப் பொறுத்தவரை, மரக்கறி உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. மிளகாயையே காய்கறியாகக் கொண்டு பாலாடைக்கட்டியில் வேகவைக்கும் எமா தாட்சி, உருளைக்கிழங்கு சேர்ந்த கேவா தாட்சி, காளான் சேர்ந்த ஷாமு தாட்சி, பாரோவின் சிவப்பரிசிச் சோறு, வசந்தத்தில் கிடைக்கும் நாக்கே என்னும் பெரணிக் குருத்து ஆகியவை எங்கும் உண்டு. உப்பும் வெண்ணெயும் கலந்த சுஜா தேநீர் முதலில் நாவுக்கு ஒவ்வாது. குளிரில் நடந்துவந்த பின் அதன் அருமை விளங்கும்.

திம்புவிலிருந்து புனாக்காவுக்குச் செல்லும் சாலை 3,100 மீட்டர் உயரமுள்ள தோச்சுலா கணவாயைக் கடக்கிறது. 2003 டிசம்பரில் அசாம் தீவிரவாதக் குழுக்களுக்கு எதிராக நடந்த போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக அரசி ஆஷி தோர்ஜி வாங்மோ வாங்சுக் எழுப்பிய 108 சோர்ட்டென்கள் அங்கு வளையம் வளையமாக நிற்கின்றன. கணவாயைத் தாண்டியதும் சாலை 1,200 மீட்டர்வரை இறங்க, ஊசியிலைக் காடுகள் மறைந்து வாழைத் தோப்புகளும் நெல்வயல்களும் தோன்றுகின்றன. அங்கே ஆண் ஆறு எனப்படும் போ சூவும் பெண் ஆறு எனப்படும் மோ சூவும் கலக்கும் முனையில், நாட்டை ஒன்றிணைத்த ஷப்ட்ருங் நவாங் நம்க்யால் 1637-38-இல் கட்டிய புனாக்கா ஜோங் எழுந்து நிற்கிறது. ஜோங் என்பது மடாலயமும் அரசு அலுவலகமும் ஒரே மதிலுக்குள் அமைந்த கோட்டை. 1907-இல் முதல் மன்னர் முடிசூடியதும், இன்றைய மன்னர் 2011-இல் மணம் புரிந்ததும் இங்கேதான்.

புனாக்காவை அடுத்த வயல்வெளியில், 1499-இல் கட்டப்பட்ட சிமி லாகாங் உள்ளது. பாட்டாலும் நகைப்பாலும் வரம்பு மீறிய நடத்தையாலும் போதித்த துறவி ட்ருக்பா குன்லேயின் நினைவிடம் இது. குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் தொலைவிலிருந்தும் வருகின்றனர். கோயிலில் உள்ள துறவி ஒருவர் அவர்களின் தலையில் மரத்தாலான ஆண்குறி வடிவத்தாலும் வில்லம்பாலும் தொட்டு ஆசி வழங்குகிறார். வழியிலுள்ள வீட்டுச் சுவர்களிலும் அதே வடிவம் கண்ணேறு கழிக்கத் தீட்டப்பட்டுள்ளது. முதன்முறை காணும் குழுவில் வெட்கமும் சிரிப்பும் எழுவது இயல்பு. ஆனால் கையில் ஆசிச் சின்னத்தை ஏந்திக் கோயிலை வலம்வரும் இளம்பெண்ணின் முகத்தில் உள்ள ஏக்கம் தமிழ்நாட்டில் அரசமரத்தைச் சுற்றும் பெண்ணின் முகத்தில் உள்ளதே என்பதை உணர்ந்தால், கைபேசிகள் தாமாகவே பைக்குள் போய்விடும்.

மேற்கு, நடுப் பூட்டானின் பல பகுதிகளில் வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிபெயர்கிறான். கடைகளையும் விடுதிகளையும் பெண்கள் தன்னுரிமையுடன் நடத்துவதற்கு இச்சொத்துரிமை ஒரு முக்கியக் காரணம். ஆயினும் அதே பெண்கள் கோயில்களில் காவல் தெய்வங்களுக்குரிய கோன்காங் என்னும் கருவறைக்குள் நுழைய அனுமதிக்கப்படுவதில்லை. நிலத்தில் உள்ள உரிமை சன்னதி வாசலில் நின்றுவிடுகிறது.

பயணத்தின் சிகரமாகிய பாரோ தக்சங் மடாலயத்தை இறுதி நாள்களுக்கு வைத்துக்கொள்வது, உடல் உயரத்துக்குப் பழகிய பின் ஏறுவதற்கு உதவும். பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, 3,120 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையோடு ஒட்டி நிற்கும் இது, 8-ஆம் நூற்றாண்டில் பத்மசம்பவர் தவமிருந்த குகையைச் சுற்றி 1692-இல் கட்டப்பட்டது. 1998 ஏப்ரலில் தீயில் பெரும்பகுதி அழிந்து, பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. பத்மசம்பவர் இங்கு ஒரு பெண்புலியின்மேல் பறந்து வந்தார் என்பது நாடறிந்த கதை. அந்தப் புலி விலங்கன்று. குருவின் துணைவியாகிய யோகினியே அவ்வுருக் கொண்டாள் என்று மரபு கூறுகிறது. அவள் யேஷே சோக்யால் என்பர் சிலர், தாஷி கிட்ரென் என்பர் வேறு சிலர். கிச்சு லாகாங்கில் அழுத்தப்பட்டுக் கிடக்கும் அரக்கியும் தக்சங்கில் குருவைச் சுமந்து பறக்கும் புலியும் ஒரே பள்ளத்தாக்கின் இரு கதைகள். இரண்டையும் அருகருகே வைத்துப் பேசும் வாய்ப்பு மகளிர் குழுவுக்கு இயல்பாகவே அமைகிறது.

ஏற்றம் இரண்டு முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். பாதி வழியிலுள்ள உணவகம்வரை குதிரைகள் கிடைக்கும். அதன்பின் நடந்தே ஆக வேண்டும். மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசிக்காளான், வழியெங்கும் வழிபாட்டுக் கொடிகள், அவற்றினூடே திடீரென எதிர்ப்பாறையில் தெரியும் மடாலயம் என்று பாதை நீள்கிறது. மடாலயம் கண்ணெதிரே வந்துவிட்ட இடத்தில்தான் படிகள் பள்ளத்தில் இறங்கி, அருவியின் கீழுள்ள பாலத்தைக் கடந்து, மீண்டும் செங்குத்தாக ஏறுகின்றன. இரண்டு அடிக்கு ஓர் உள்மூச்சு, மூன்று அடிக்கு ஒரு வெளிமூச்சு என்று நடையோடு மூச்சைப் பிணைப்பவர் இங்கே களைப்பின்றி ஏறுவார். பேசிக்கொண்டே விரைபவர் அடிக்கடி நிற்க நேரிடும். பல ஆண்டுகள் பாயில் அமர்ந்து பழகிய மூச்சுக்கு இந்தப் படிகளே தேர்வுக்களம். வாசலில் காலணி, பை, கைபேசி அனைத்தையும் ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்ற விதி, படமெடுக்கும் அவசரத்திலிருந்து அனைவரையும் விடுவிக்கிறது.

இறங்கிவந்த மாலையில் தொட்சோ என்னும் கல்வெந்நீர்க் குளியல் கால்களுக்கு மருந்தாகும். ஆற்றுக் கற்களை விறகுத் தீயில் செந்நிறமாகும்வரை காய்ச்சி, மரத்தொட்டியின் ஒரு முனையில், துளையிட்ட பலகைத் தடுப்புக்கு அப்பால் இடுகின்றனர். சீறல் ஒலியுடன் கல் வெடித்து நீர் கொதிக்க, அதில் இட்ட மாசிபத்திரித் தழையின் கைப்பு மணம் எழுகிறது. சூடு குறைந்தால் வெளியிலிருக்கும் பெண்ணிடம் குரல் கொடுக்க, அவர் இடுக்கியால் இன்னொரு கல்லை இடுவார். வெந்நீர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், இதய நோயுள்ளோரும் கருவுற்றோரும் இதைத் தவிர்ப்பது நல்லது.

நிகழ்ச்சி நிரல்களில் பெரும்பாலும் இடம்பெறாத பெண் துறவியர் மடங்களே இத்தகைய குழுவுக்கு மிக நெருங்கியவை. பாரோவுக்கு மேலே, சேலே லா கணவாய்க்குச் செல்லும் வழியில் பாறையோடு ஒட்டிய கிலா கோன்பாவும், புனாக்காவின் மலைமுகட்டிலுள்ள சங்சென் தோர்ஜி லுவென்ட்ருப் மடமும் அவற்றுள் எளிதில் செல்லக்கூடியவை. அனிம் என்று அழைக்கப்படும் இத்துறவியர் நெடுங்காலமாகப் பிட்சுகளுக்கு இணையான கல்வியும் பொருளுதவியுமின்றி வாழ்ந்தனர். அவர்களுடைய கல்வியையும் உடல்நலத்தையும் மேம்படுத்த 2009-இல் அரசி ஆஷி ஷெரிங் யாங்டோன் வாங்சுக்கின் ஆதரவில் பூட்டான் பெண் துறவியர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

ஆனால் பெரிய தடை வேறொன்றாக இருந்தது. பிட்சுணி என்னும் முழுத் துறவுப் பட்டம் பெண்களுக்கு இமய மரபுகளில் வழங்கப்படவில்லை. பிட்சுணி வழிமுறை திபெத்தை வந்தடையவே இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அசோகரின் மகள் சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுசென்ற அவ்வழிமுறை, 5-ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பிட்சுணிகள் வழியே கடல் கடந்து சீனத்துக்குச் சென்று அங்கே நிலைத்தது, இமயத்தில் ஏறவில்லை. துறவு பூண்ட ஒரு பெண்ணைக் காப்பியத் தலைவியாக்கிய மணிமேகலை தோன்றிய மொழியின் வாசகர்களுக்கு இந்த இடைவெளி வியப்பளிக்கும். 2022 ஜூனில், பாரோவை அடுத்த ராம்தாங்காவில், பூட்டானின் தலைமை மடாதிபதியாகிய ஜே கென்போ 144 பெண்களுக்கு முழுத் துறவுப் பட்டம் அளித்தார். பல நூற்றாண்டுகளாக நீடித்த விவாதத்துக்கு ஒரு சிறிய நாட்டின் மடாதிபதி செயலால் அளித்த விடை இது. இமய பௌத்தம் பயிலும் பிற நாடுகளில் அவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

மடத்துக்குச் செல்லும் குழு முன்கூட்டியே வழிகாட்டி மூலம் இசைவு பெற்று, வழிபாட்டு நேரத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கலாம். நெய்விளக்குக்கான காணிக்கையோடு, மடத்துக்கு எது தேவை என்று கேட்டறிந்து, மருந்து, கம்பளி, எழுதுபொருள் என அதையே கொண்டுசெல்வது சிறந்தது. வாய்ப்பிருந்தால் எளிய முதுகுப் பயிற்சிகளை இளந்துறவியரோடு பகிர்ந்துகொள்ளலாம். நாள்முழுதும் சம்மணமிட்டு ஏடு படிப்போர் அவற்றை மகிழ்ச்சியுடன் ஏற்பர். பதிலுக்கு, செபமாலையை விரல்களுக்கிடையே தள்ளும் முறையையும், வலம்வரும்போது சொல்லும் மந்திரத்தையும் அவர்கள் சொல்லித்தருவார்கள்.